விதையெழுத்தும் அதன் பொருளும்

‘ஓம்’, ‘ஹ்ரீம்’, ‘க்லீம்’, ‘ஐம்’ என வழங்கும் ஓரெழுத்து மந்திரங்களுக்குப் பொருள் யாது என்று நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் பலரும் வினவுகின்றனர். வினவுவது நியாயமே. ஆயினும் அவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் மூன்றே. “அதெல்லாம் கேட்கலாகாது” என்பார் சிலர். “பொருளற்ற வெற்றொலி” என்று நகைப்பார் சிலர். “இதனைச் செப்புத் தகட்டிலெழுதிப் பெட்டியில் வைத்தால் பொன் பெருகும்” என்று விலை பேசுவார் சிலர். முதலாவது விடை அறிவை அடைக்கின்றது. இரண்டாவது ஆராயாது தள்ளுகின்றது. மூன்றாவது பணத்தைக் கவர்கின்றது. மூன்றும் நம் மக்களுக்குத் தக்கனவல்ல.

புதுவை நகரத்தார்க்கு இவ்வினாவை நன்கு ஆராயும் கடமை மற்றையோரினும் மிகுதியாக உண்டு. மந்திர சாத்திரத்தைச் சொல்லும் சைவ ஆகமச் சுவடிகள் உலகில் மிகுதியாகத் தொகுக்கப்பெற்றிருப்பது நம் ஊரிலேயாம். அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் எழுத்தின் பொருளை நோக்குவோம்.

மந்திரமும் பீஜமும்

‘மந்திரம்’ என்னும் சொல் நினைத்தலைக் குறிக்கும் ‘மன்’ என்னும் வடமொழி வினையடியாகப் பிறந்தது. நினைத்தற்குக் கருவியாவது மந்திரம். ‘நினைப்பவனைக் காப்பது’ என்று விரித்துரைப்பது ஆன்றோர் வழக்கு. நம் தொல்காப்பியமும் செய்யுளியலில் மந்திரத்திற்கு இலக்கணம் வகுத்துள்ளது. வாக்குப் பலிக்கும் பெரியோர் கட்டளையாகச் சொல்லி, கருத்தை உள்ளே மறைத்து வைத்த பேச்சென்பது அதன் கருத்து. ஆகவே மந்திரத்தில் மறைவு உண்டென்பது ஆரியமும் தமிழும் ஒப்ப முடிந்த கொள்கையாம்.

‘பீஜம்’ என்றால் விதை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை ஆலம்பழமொன்று கொணரச் சொல்லி, அதைப் பிளப்பித்து, அதனுள்ளிருந்த நுண்ணிய விதையையும் பிளப்பித்து, உள்ளே யாது காண்கின்றாய் என வினவினார். ஒன்றுங் காணேன் என்றான் மைந்தன். அந்தக் காணப்படாத நுண்மையினின்றே பேராலமரம் நிற்கின்றதென உணர்த்தினார் தந்தை. விதையெழுத்து என்னும் பெயரின் உட்கருத்தை அறிய இவ்வுவமை போதும். விதையைப் பிளந்து அதற்குள் மரத்தைத் தேடுவோன் ஏமாறுவான். எங்கே, எவ்வாறு ஊன்றப்பட்டதென நோக்குவோனுக்கே அதன் பொருள் விளங்கும்.

பழைய வழக்கு

மந்திரங்களுக்குப் பொருளில்லை என்னும் கூற்று நம் காலத்து நாகரிகத்தாற் பிறந்ததன்று. யாஸ்கர் இயற்றிய நிருக்தத்தில், மந்திரங்கள் பொருளற்றனவே என்று வாதித்த கௌத்ஸர் என்பாரின் கொள்கை எடுத்தோதி மறுக்கப்படுகின்றது. மீமாம்சை சூத்திரஞ் செய்த ஜைமினியும் அவ்வாதத்தை ஆராய்ந்து, மந்திரங்களுக்குப் பொருளுண்டென்றே முடிவுகட்டினார். சாமவேத கானத்தில் ‘ஹாவு’, ‘ஹாயி’ என வரும் ‘ஸ்தோபம்’ என்னும் ஒலிகளோ அகராதிப் பொருள் யாதுமில்லாதன. ஆயினும் அவற்றை நீக்கிப் பாடினாரில்லை.

அண்மையிலும் இவ்வழக்கு மூண்டது. 1975-ம் வருஷம் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் இயற்றிய அக்கினிசயன வேள்வியை நேரிற் கண்டாராய்ந்த பிரிட்ஸ் ஸ்தால் என்னும் டச்சு அறிஞர், மந்திரமும் சடங்கும் பறவையின் பாட்டை ஒப்பன, அவற்றில் விதியுண்டு, பொருளில்லை என்று 1989-ல் நூலெழுதினார். பிரெஞ்சு தேசத்து ஆந்திரே பதூ என்பாரோ 1963-ல் வெளியிட்ட நூலில், தந்திர நூல்கள் எழுத்துக்களைச் சக்தியின் வடிவங்களாகக் கண்டு அமைத்த முறையை விரிவாக விளக்கிக் காட்டினார்.

இருவர் கூறுவதிலும் உண்மையுண்டு. நம் கடற்கரையில் வலையிழுப்போர் ‘ஏலேலோ’ என்கின்றனர். தாய்மார் ‘ஆராரோ’ என்கின்றனர். அகராதியைப் புரட்டினால் இவற்றுக்குப் பொருள் கிடைப்பதரிது. ஆயினும் ஒன்றினால் பல கைகள் ஒரு கையாகின்றன. மற்றொன்றினால் குழந்தை உறங்குகின்றது. இவற்றின் பொருள் செயலில் இருக்கின்றது. விதையெழுத்தின் பொருளோ இதனினும் ஒருபடி கடந்தது. அது செயலில் மட்டுமன்றி, வைக்கும் இடத்திலும் வரிசையிலும் இருக்கின்றது. இதனையே இனி எடுத்துக்காட்டுக்களால் விளக்குவோம்.

ஓங்காரம்

விதையெழுத்துக்களுள் தலையாயது ஓம். சாந்தோக்கியம் தொடக்கத்திலேயே இவ்வெழுத்தைப் புகழ்ந்து, இஃது உடன்பாட்டைக் குறிப்பது என்கின்றது. ஒருவன் ஒன்றற்கு இசையும்போது ஓம் என்கின்றான் என்பது அதன் கருத்து. இலங்கைத் தமிழர் இன்றும் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’ என்றே விடையிறுப்பர். பின்லாந்து தேசத்து அஸ்கோ பர்போலா என்னும் அறிஞர், வேதத்து ஓங்காரம் ‘ஆம்’ என்னும் திராவிடச் சொல்லினின்றே வந்திருக்கலாமென 1981-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். அதனை யாவரும் ஏற்றனரென்பதற்கில்லை. ஆயினும் முதல் மந்திரத்தின் முதற்பொருள் ‘இசைகின்றேன்’ என்பதாயின், அஃது எத்துணை அழகிய பொருள்!

பன்னிரண்டே வாக்கியங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிடதம், அகரத்தை விழிப்பிலும், உகரத்தைக் கனவிலும், மகரத்தை உறக்கத்திலும் வைத்து, ஒலியடங்கிய நான்காவதை இம்மூன்றையுங் கடந்த நிலையென்கின்றது. நம் நகர்க்கு அணித்தான பெண்ணையாற்றுப் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13-ம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவர், சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்தில் இதே எழுத்துக்களை வேறிடத்தில் வைத்தார். அகரம் அகங்காரம், உகரம் புத்தி, மகரம் மனம், விந்து சித்தம் என அந்தக்கரணங்களோடு பொருத்தினார். எழுத்து ஒன்றே; வைத்த இடம் வேறு; ஆதலின் உணர்த்தும் பொருளும் வேறாயிற்று. இதனை முரண்பாடென்று கொள்ளற்க. நாற்சந்தியில் நட்ட ஒரே கல், ஒரு திசையார்க்குத் தொடக்கமாகவும் மற்றொரு திசையார்க்கு முடிவாகவும் நிற்றல் போல்வது இது.

ய, ர, ல, வ

பள்ளிப் பிள்ளைகள் ‘ய, ர, ல, வ’ என்று ஓதுகின்றனர். தமிழிலக்கணம் இவற்றை இடையினத்தில் வைக்கும். வடமொழியார் ‘அந்தஸ்தம்’, அதாவது நடுவே நிற்பன, என்பர். இந்நான்கையும் மூக்கொலியோடு கூட்டித் தந்திர நூலார் பூதங்களுக்கு விதையாக வைத்தனர். யம் என்பது காற்று. ரம் என்பது தீ. லம் என்பது மண். வம் என்பது நீர். இவற்றோடு ஹகரத்தைச் சேர்த்து, ஹம் என்பதை ஆகாயத்திற்கு வைத்தனர். ஹகரம் தடையின்றி வெளிவரும் மூச்சொலியாதலால் வெளிக்கு அஃது ஏற்புடைத்தேயாம்.

இவ்வட்டவணையை அறிந்தோன் ஹ்ரீம் என்னும் எழுத்தைத் தானே பிரித்தறியலாம். நூல்கள் இதனை வெளிப்பட எழுதாமல், வானத்தோடு தீயைக் கூட்டி, ஈகாரத்தைச் சேர்த்து, பிறையை அணிவிக்க என்று குறிப்பாற் கூறும். வானம் ஹகரம், தீ ரகரம், பிறையும் அதன்மேற் புள்ளியும் மூக்கொலி. எல்லாங் கூடின் ஹ்ரீம். இங்ஙனம் மறைத்துக் கூறி எடுத்துக்கொள்ளச் செய்யும் முறைக்கு ‘மந்திரோத்தாரம்’ என்று பெயர். ஆகவே, இஃது எவனோ உளறிய ஒலியன்று; வெளியும் ஒளியும் கூடிய சக்தி என்னும் கருத்தைச் சுருக்கி முடிந்த முடிச்சு. 18-ம் நூற்றாண்டிற் காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர், தம் வரிவஸ்யாரகசியத்தில் பதினைந்தெழுத்துக் கொண்ட ஸ்ரீவித்தை மந்திரத்துக்குப் பதினைந்து வகையாகப் பொருளுரைத்தார். பொருளில்லாத ஒன்றுக்கு அவ்வளவு பொருளுரைத்தல் இயலுமா?

மற்றொரு முறையுங் காண்க. சிவபூசையில் ஹகரம் ஒன்றனையே எடுத்து, அதன்மேல் நெட்டுயிர்களை ஏற்றி, ஹாம் என்பதை இருதயத்திலும், ஹீம் என்பதைச் சிரசிலும், ஹூம் என்பதைச் சிகையிலும், ஹைம் என்பதைக் கவசமாகவும், ஹௌம் என்பதைக் கண்ணிலும், ஹ: என்பதை அஸ்திரமாகவும் வைப்பர். இதற்கு அங்கநியாசம் என்று பெயர். 11-ம் நூற்றாண்டில் சோமசம்புவும், 12-ம் நூற்றாண்டில் தில்லையோடு தொடர்புடைய அகோரசிவாசாரியரும் இயற்றிய பத்ததிகளில் இம்முறை வகுத்துரைக்கப்பட்டுள்ளது. மெய்யெழுத்து ஒன்றே, உயிரெழுத்து மாற மாற உறுப்பு மாறுகின்றது. தமிழிலக்கணம் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்டு அழைத்ததன் நுட்பத்தை இவ்விடத்திற் சிந்தித்தல் தகும். தந்திர நூலாரும் உயிரெழுத்தைப் பீஜமென்றும் மெய்யெழுத்தை அது விளையும் யோனியென்றுங் கூறுவதுண்டு.

நம் கடற்கரையில் ஐந்தெழுத்து

‘நமசிவாய’ என்பது சிவனுக்கு வணக்கம் என்று சொற்பொருள் தருவது. ஆயினும் அதன் எழுத்தொவ்வொன்றையும் விதையாகக் கொண்டு ஆராய்ந்தவர் நம் பக்கத்துச் சைவர். 7-ம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டபோது, அவர் ஐந்தெழுத்தை ஓதித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவ்வூர் புதுவைக்குத் தெற்கே கடலூரின்கண் உள்ளது. நாம் நாளும் காணும் கடலே அது.

அவர் வாழ்வோடு இணைந்த திருவதிகையில், மெய்கண்டாரின் மாணாக்கருள் ஒருவரான மனவாசகங்கடந்தார் தோன்றி உண்மைவிளக்கம் இயற்றினார். அதில் ஐந்தெழுத்தைக் கூத்தப்பிரான் திருமேனியில் இருமுறை வைத்துக் காட்டுகின்றார். ஒருமுறை திருவடியில் நகரம், உதரத்தில் மகரம், தோளிற் சிகரம், முகத்தில் வகரம், முடியில் யகரம். மற்றொருமுறை உடுக்கை ஏந்திய கையிற் சிகரம், வீசிய கையில் வகரம், அபயகரத்தில் யகரம், அனலேந்திய கையில் நகரம், முயலகன்மேல் ஊன்றிய திருவடியில் மகரம்.

இனி வரிசையை நோக்குக. சி என்பது சிவம். வ என்பது அருள். ய என்பது உயிர். ந என்பது மறைப்பாற்றல். ம என்பது மலம் எனச் சித்தாந்தம் கூறும். ‘சிவாயநம’ என்று ஓதும்போது உயிராகிய யகரம் நடுவில் நிற்கின்றது. ஒருபுறம் சிவமும் அருளும், மறுபுறம் மறைப்பும் மலமும். மனிதன் நிற்கும் இடம் இதுவே. எந்தப் பக்கம் முகந் திரும்புகின்றான் என்பதே அவன் வாழ்வு. சாதாரணச் சொல்லில் எழுத்து இடம் மாறினாற் பொருள் கெடும். இங்கே எழுத்தின் இடமே சித்தாந்தம் முழுவதையும் சொல்லிவிடுகின்றது.

திருமூலரும் திருமந்திரத்தின் நான்காந் தந்திரம் முழுவதையும் மந்திரத்திற்கும் சக்கரத்திற்குமே ஒதுக்கினார். அத்தந்திரம் ‘அசபை’ என்னும் பகுதியோடு தொடங்குகின்றது. அசபையாவது வாயால் உருவேற்றாமலே மூச்சிற்றானே நிகழும் மந்திரம். மூச்சு ஒரு நாளைக்கு 21,600 முறை நிகழ்வதென யோக நூல்கள் கணக்கிட்டுள்ளன. ஒரு நாளுக்கு 1,440 நிமிஷம். வகுத்துப் பார்ப்பின் நிமிஷத்திற்குப் 15 மூச்சு. அமைதியாயிருக்கும் மனிதனுக்கு நிமிஷத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு நிகழுமென இக்காலத்து வைத்தியர் கூறுவதோடு இது பொருந்தியிருத்தல் காண்க. இம்மந்திரத்தைத் தகட்டிலெழுதி விற்பார் எவருமிலர். மூச்சுள்ளார் அனைவரும் இதனை உடையர்.

புதுவையும் ஏடுகளும்

இவ்வறிவு நம்மிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது? நம் நகர்க்குத் தெற்கே பாகூரில் 9-ம் நூற்றாண்டிலேயே வித்தியாஸ்தானம் ஒன்று விளங்கியதையும், அதற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதையும் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்துச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அச்செப்பேடுகளில் வடமொழியும் தமிழும் உள்ளன. இருமொழியும் கிரந்தமும் கற்றோர் இப்பக்கத்திற் பலர் இருந்தமைக்கு இதுவே சான்று. மந்திரங்களை எழுதற்குக் கிரந்த எழுத்து இன்றியமையாததாயிற்று; தமிழெழுத்தில் ஹகரம் முதலிய வேறுபாடுகளைக் காட்ட இயலாதன்றோ? ‘ஐயும் கிலியும் சவ்வும்’ என்று நாட்டு மாந்திரிகர் வழங்குவது, ஐம், க்லீம், ஸௌ: என்பன தமிழ் நாவிற்கேற்பத் திரிந்ததேயாம்.

1748-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், இந்நகரத்து வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப்பிள்ளை அந்நிகழ்ச்சியைத் தம் தினப்படி சேதிக்குறிப்பில் மனம் நொந்து பதிந்துள்ளார். பின்னர் வேறிடத்தில் ஈசுவரன் கோயில் எழுந்தது. கற்களை மீண்டும் அடுக்குவோர் கொத்தர்; ஆனால் அம்மூர்த்தியில் எழுத்துக்களை நியாசஞ் செய்து பூசைக்குரியதாக்குவோர், அம்முறையை வாயிலும் ஏட்டிலும் காத்து வைத்தோரே. இம்முறை மறைந்திருப்பின் கோயில் வெறுங் கட்டடமாகவே நின்றிருக்கும்.

அவ்வேடுகளுக்கும் ஆபத்து வந்தது. அச்சுப் புத்தகம் பரவியபின் ஓலையெழுதுவார் அருகினர். கிரந்தம் படிப்பார் குறைந்தனர். கறையானும் புழுவும் எஞ்சியவற்றை உண்டன. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1955-ல் புதுவையிற் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. அதன் முதல் தலைவரான ழான் பில்லியோசா என்பார் ஆகமச் சுவடிகளின் அருமையை உணர்ந்தார். பண்டிதர் என். ஆர். பட் என்பாரும் அவருடன் உழைத்த பண்டிதர்களும் கோயில்கள், மடங்கள், குருக்கள் இல்லங்கள் ஆகியவற்றை நாடிச் சென்று சுவடிகளைத் திரட்டினர், கிடையாதனவற்றைப் படியெடுத்தனர். ரௌரவாகமம், மிருகேந்திராகமம், அஜிதாகமம், மதங்கபாரமேசுவராகமம் முதலியன பல ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தப்பெற்று இந்நகரிலிருந்தே வெளிவந்தன. எலேன் புருன்னர் என்னும் பிரெஞ்சு மாதரசி சோமசம்புவின் பத்ததியை நான்கு பாகமாக மொழிபெயர்த்து வெளியிட்டார். முதற்பாகம் 1963-லும் இறுதிப்பாகம் 1998-லும் வெளிவந்தன. 2005-ம் வருஷம் புதுவையிலுள்ள ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகள், யுனெஸ்கோ நிறுவனத்தாரின் ‘உலக நினைவு’ என்னும் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றன.

மந்திரோத்தாரத்தாற் குறிப்பாகச் சொல்லப்பட்ட எழுத்தைத் திருத்தமாக அறிதற்கு ஓர் ஏடு போதாது. எழுதினோன் ஒரு சொல்லைப் பிறழ எழுதினால் தீ நீராகும், ரகரம் வகரமாகும். பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டே உண்மையைத் துணிய வேண்டும். ஆதலின் ஒரு வீட்டுப் பரணிற் கிடக்கும் ஒரு கட்டும் இழக்கத் தக்கதன்று.

யார்க்கு உரியது?

இவ்வளவும் கூறியபின் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. மந்திரத்தை மறைத்தது ஒருபாற் காவலுக்காக. தகுதியற்றோன் கையிற் கெடாதிருத்தற் பொருட்டு. சைவ ஆகமங்கள் அத்தகுதியைத் தீக்ஷையால் வருவதென வைத்தன. ஆயினும் வழக்கத்தில் மறைவு என்பது பலவிடத்தும் பிறப்பைக் காட்டிப் பலரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் தாழாயிற்று என்பதும் வரலாறே. திருக்கோட்டியூரில் எட்டெழுத்தின் உட்பொருளைப் பெற்ற இராமாநுசர், ஆசிரியர் ஆணையைக் கடந்தும் அதனைப் பலர்க்கு வெளியிட்டார் எனக் குருபரம்பரை நூல்கள் போற்றுகின்றன. தாம் நரகு புகினும் பலர் உய்வராக என்பது அவர் எண்ணம். சாதியின் பெயராற் கூடும் நம் போன்ற சங்கத்தார் இவ்வரலாற்றை மறத்தலாகாது. விதையைப் பத்தாயத்திற் பூட்டி வைப்போன் அதனைக் காத்தவனாகான். உரிய பருவத்தில் நிலத்திலிட்டவனே காத்தவன்.

எனவே, சங்க அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, நும் இல்லத்தில் முன்னோர் வைத்த ஓலைச்சுவடி இருப்பின், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுதலும் பழம்பொருள் வாங்குவோர்க்கு விற்றலும் செய்யாது, ஏட்டைக் காக்கவும் படியெடுக்கவும் அறிந்தாரிடம் காட்டுக. புதுவையில் அத்தகையோரைத் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, பிள்ளைகளுள் விருப்பமுள்ள ஒருவனையோ ஒருத்தியையோ கிரந்த எழுத்தைப் படிக்கச் செய்க. தமிழெழுத்தை நன்கறிந்தோர்க்கு அது கடினமன்று. மூன்றாவது, விதையெழுத்தை எழுதிய தகட்டால் நோயும் கடனும் நீங்குமென்று சொல்லிப் பொருள் பறிப்பாரிடம், அவ்வெழுத்தின் பொருள் யாது, அஃது எந்நூலில் எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்று வினவுக. விடையிறுக்க மாட்டாதானுக்குக் காசு கொடாதீர்.

எழுத்தின் பொருள் அதனை வைக்கும் இடத்தில் உள்ளதென்று கண்டோம். இருதயத்தில் வைத்தால் நினைவாகும். மூச்சில் வைத்தாற் செபமாகும். ஏட்டில் வைத்தால் வழிவழிச் செல்வமாகும். சந்தையில் வைத்தாலோ வெறும் சரக்காகும். எங்கே வைப்பதென்பது நம் கையில் இருக்கின்றது.